பதினாலாம் நம்பர் ஸ்டூல்

சங்கரன்கோவில்,
9–8–1956

மேலநீலிதநல்லூரில் இருக்கும் மைத்துனர் சண்முகையா அவர்களுக்கு, கோமதிநாயகம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உம்முடைய சுகமும் பருத்தியின் சுகமும் ஆடுகளின் சுகமும் தெரிந்தால் சந்தோஷம்.

நாம் தச்சு படித்த தொழிற்பள்ளியில், இப்போது நான் வாத்தியாராய் இருக்கும் அதே பள்ளியில்தான், போன வெள்ளிக்கிழமை பழைய கொட்டகையை ஒழித்துச் சுத்தம் பண்ணினோம். மூலையில் நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பரீட்சைக்கு நாம் செய்த ஸ்டூல்கள் இரண்டும் கிடந்தன. பதினாலு என்னுடையது, பதினைந்து உம்முடையது. பார்த்ததும் அந்தக் காலமே திரும்பி வந்துவிட்டது. மரத்தூள் வாசனை, மத்தியானம் நீரும் நானும் பங்குபோட்டுத் தின்ற கம்பஞ்சோறு, காணத்துவையல், அப்புறம் ஆறுமுகச்சாமி வாத்தியார் வகுப்புக்கே கேட்கும்படி என்னைச் சொல்லுவாரே, "ஏலே, நீ மரத்தைச் சீவலை, மரந்தான் உன்னைச் சீவுது" என்று. வகுப்பில் நான்தான் மக்கு, நீர்தான் கெட்டிக்காரர். அப்படியிருந்தும் பரீட்சைக்கு வந்த அதிகாரி பதினாலில் உட்கார்ந்து ஆற அமரக் காப்பி குடித்தார், பதினைந்தில் உட்கார்ந்ததும் காப்பியோடு சாய்ந்தார். எனக்கு முதல் மார்க்கு, உமக்குப் பெயில். "மொத மார்க்கு வாங்குதவனுக்குத்தான் என் மவ" என்று சொல்லியிருந்த மாமா, உம்முடைய தங்கச்சி வள்ளித்தாயை எனக்குக் கொடுத்தார். உம்மை மம்பட்டியோடு பருத்திக் காட்டுக்கு அனுப்பினார். நானும் ஒரு ஆள்தான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தோன்றியது. அதற்குப்பின் பிடித்த உளி கோணவில்லை, வாத்தியார் வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இந்த முதல் மார்க்குக் கதையைச் சொல்லாமல் நான் பாடம் ஆரம்பித்ததில்லை.

இப்போது கேளும் வே. பரீட்சைக்கு முந்தின நாள் நான் கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணைக் குழைத்து, யாருக்கும் தெரியாமல் என் ஸ்டூலின் அடியில் பூசியிருந்தேன், அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று. வெள்ளிக்கிழமை பதினாலைக் கவிழ்த்துப் பார்த்தேன், மண் இல்லை. பதினைந்தைக் கவிழ்த்தேன், அப்பியிருக்கு. நம்பர்ச் சீட்டு மாறிப்போச்சு வே! பசை காயாம விழுந்ததை யாரோ மாத்தி ஒட்டியிருக்கணும். உம்ம மார்க்கு, உம்ம வேலை, எல்லாத்தையும் பதினாலு வருஷமா நான் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். அன்னைக்கிலிருந்து உளி என் கையில நிக்க மாட்டேங்கு. நேத்து பிள்ளைகள் முன்னால ஒரு பலகையைச் சீவினேன், மரந்தான் என்னைச் சீவுச்சு. ராஜினாமா எழுதிட்டேன், நாளைக் காலையில கொடுத்திருவேன். நீர் என்னை மன்னிக்கணும்.

சங்கரலிங்கசாமியும் கோமதியம்மனும் உங்கள் காட்டுக்கு மழையும் பிள்ளைகளுக்கு நல்ல கையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
போன வெள்ளிக்கிழமை வரை முதல் மார்க்கு வாங்கியிருந்த
கோமதிநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உம்முடைய தங்கச்சி இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். சீட்டு தானாக விழவில்லையாம், நீர்தான் பிய்த்து மாற்றி ஒட்டினீராம். புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொடுத்தது அவளாம். அவளுக்கு என்னைக் கட்டவேண்டும், உமக்கு உளியைவிட ஆடு பிடிக்கும். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து மாமாவை ஏமாற்றியிருக்கிறீர்கள். "அந்தச் சீட்டை நாங்க மாத்தினோம், சரி. நம்ம மூணு பிள்ளையும் தூங்குன தொட்டிலு நீங்க செஞ்சதுதான? அதுல யாரு சீட்டை மாத்தினா?" என்று கேட்டாள். ராஜினாமாவை அடுப்பில் வைத்துவிட்டாள். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன், இனி நீர்தான் கேட்கவேண்டும். பதினாலாம் நம்பர் ஒட்டிய உம்முடைய ஸ்டூலை வண்டியில் போட்டு அனுப்புகிறேன். என்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாய்கிற காலுக்கு ஒரு ஆப்பு வைத்து ஒரே தட்டுத் தட்டினேன். இப்போது அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.