மேரி என்று தேடினால் பாதித் தோட்டமும் வருகிறது

பாயா ரும்புட்,
வியாழக்கிழமை.

இயேசுவில் பிரியமுள்ள மருமகன் ரெஜினால்டுக்கு,

மாமா ஜூலியஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தை பாட்ரீசியாவும் சுகம். பசியாறிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கோலாலம்பூரில் நீயும் சுகமென்று வாட்ஸ்அப் படத்தில் உன் கன்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஃபோன் போட்டால் “மீட்டிங் மாமா” என்கிறாய். அதனால் கைப்பட எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் செலினாவுக்கு விபூதிப் புதனுக்கு முன்னால் கல்யாணம். வருகிற ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று முதல் ஓலை வாசிக்க வேண்டும். அதற்கு அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுத்து, சனிக்கிழமைக்குள் ஃபாதர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓலை இல்லை. ஓலை தள்ளிப்போனால் தவக்காலம் வந்துவிடும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. மண்டபமும் போச்சு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போச்சு. அந்தப் பதிவு நீ கோயில் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்த புரோகிராமுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது.

பென்ஷன் வாங்கியதிலிருந்து அந்த ஆபீஸில் நான்தான் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களின் ஞானஸ்நானப் பதிவுகளையெல்லாம் உள்ளே தட்டி ஏற்றியாயிற்று. ஆனால் ஒரு பேரைத் தேடச் சொன்னால், காத்திருக்கிற பெண்கள் ஜெபமாலையை ஆரம்பித்து முடித்தும்விடுகிறார்கள். ஃபாதர் அதைப் பக்தி என்று நினைத்து என்னைப் பாராட்டினார். நானும் மறுக்கவில்லை.

அதைப் பற்றித்தான் போன வாரம் உனக்கு ஃபோன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? “இன்டெக்ஸ் இல்ல மாமா, அதான் ஸ்லோ. இப்ப அது முதல் ஆள்லேர்ந்து கடைசி ஆள் வரைக்கும் ஒண்ணொண்ணா பாக்குது. புத்தகத்துக்குப் பின்னால பேர் வரிசை இருக்குமில்ல, அந்த மாதிரி ஒண்ணு போட்டா நேரா அந்தப் பக்கத்துக்குப் போயிரும். எதைப் போடலாம்னு மெஷினே ரெக்கமென்ட் பண்ணும். அதை எனக்குச் சொல்லுங்க. எல்லாத்தையும் போட்டுறாதீங்க லா.” கடைசி வரி என் காதில் விழவில்லை என்று நினைக்காதே. விழுந்தது. ஆனால் சுங்கை ஊடாங் ரிஃபைனரியில் வேலை பார்த்த காலமெல்லாம் தலைக்கு, கண்ணுக்கு, காலுக்கு என்று சேஃப்டிக்காரர் எதைப் போடச் சொன்னாலும் நான் போட்டவன். தொப்பி போதும், பூட்ஸ் வேண்டாம் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

மெஷின் ஆறு சிபாரிசு செய்தது. முதல் பேர், அப்பா பேர், அம்மா பேர், ஞானத்தகப்பன், தோட்டம், அப்புறம் தோட்டத்தையும் முதல் பேரையும் சேர்த்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொண்ணூறு சதவீதம் வேகம் கூடும் என்று போட்டிருந்தது. ஆறையும் கூட்டிப் பார்த்தேன், ஐந்நூறைத் தாண்டியது. வேண்டாமென்று எவன் சொல்வான்? ஆறையும் அமுக்கிவிட்டேன்.

செலினாவுக்கு ஞானஸ்நானப் பேர் மேரி செலினா, அதனால் முதல் பேரில் மேரி என்று தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. யார் வந்தது? எல்லாரும்! மேரி பிலோமினா, மேரி ஸ்டெல்லா, மேரி விக்டோரியா... பெண் பிறந்தால் முதலில் மேரி என்று வைத்துவிட்டு அப்புறம்தான் நம் ஆட்கள் வேறு பேர் யோசிப்பார்கள் என்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்? சரி, அப்பா பேர் ஜூலியஸ் என்று போட்டால் அப்படி யாருமே இல்லை என்கிறது. நான் உயிரோடு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் லா! தட்டி ஏற்றினவன் என் பேரை மாற்றிப் போட்டிருப்பான் என்று இப்போது மேரிகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்து வருகிறேன். இதற்கு நடுவில் ஃபாதர் புதுக் குழந்தைகளைப் பதிய வந்து ‘சேவ்’ அமுக்கினார். ஆறு வரிசையிலும் பேரைச் செருகிவிட்டுத்தான் மறு வேலை என்று அது சுற்றிக்கொண்டே இருந்தது. “என்ன ஜூலியஸ், தலையில தண்ணி ஊத்துறதுக்கே இவ்ளோ நேரம் ஆகலையே” என்றார். இது கோலாலம்பூர்க்காரன் செய்த கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

உன் அத்தை கேட்டபோது “எடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? பெற்ற மகளின் பேரை அப்பனுக்கே கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றா? நேற்று செலினா கல்யாணப் புடவையை என் தோளில் போட்டு நிறம் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமாயிருக்கிறது, ரெஜினால்ட். அவளை உனக்குக் கொடுக்கவில்லை என்ற கோபத்தில்தான் இப்படி ஒரு புரோகிராம் எழுதினாயோ என்றுகூட நினைத்துவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வந்து என் மகளை அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடு.

தேவமாதா உன்னையும் உன் புரோகிராமையும் கைவிடாமல் காக்கட்டும். உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன் ஜூலியஸ்.

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. “தலைப்பிரசவத்துக்கு நான் எங்கங்க போனேன்? தைப்பிங்குக்கு, எங்கம்மா வீட்டுக்கு. செலினாவுக்கு ஞானஸ்நானம் அங்கதானே கொடுத்தோம்! பிரியாணி பத்தலைன்னு எங்கப்பாகிட்ட சண்டை போட்டது யாரு?”

நான்தான்.

நான் “எடுத்தாச்சு” என்று சொன்ன அன்றைக்கே தைப்பிங்கில் இருக்கிற தன் தம்பிக்கு ஃபோன் போட்டு, சான்றிதழை வரவழைத்து ஃபாதரிடம் கொடுத்துவிட்டாளாம். ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். “அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கத்தினேன். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் ‘எனக்குத் தெரியல பாட்ரீசியா’ன்னு உங்க வாயால வருதான்னு பாத்தேன்” என்றாள்.

சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறாள்.