எங்கள் கார் ஷெட்டில் பீர் கிடையாது

போர்ட்லேண்ட், ஆரிகன்.
அக்டோபர் மாதம், மழை.

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

தென்கிழக்கு டாம்சன் தெருவில் குடியிருக்கும் மெர்வின் ஹால்வர்சன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி வெர்னாவும் நலம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நபரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

சென்ற வார இதழில் 'வாசகர் மனம் கவர்ந்த பீர்க்கூடங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். புதிய கூடங்களில் முதலிடம் ஒகாடா பீர்க்கூடத்துக்கு. சந்தோஷம். ஆனால் அந்தக் கடை இருப்பது தென்மேற்கு டாம்சன் தெருவில், ஆற்றுக்கு அக்கரையில். நீங்கள் அச்சடித்தது தென்கிழக்கு டாம்சன் தெரு. கதவு எண் இரண்டுக்கும் ஒன்றே. உங்களுக்கு அது அச்சுப்பிழை, எனக்கு அது என் கார் ஷெட்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றின் குறுக்கே இருக்கும் தூக்குப்பாலம் ஒன்றில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கப்பல் வந்தால் மணியடித்து, கேட்டை இறக்கி, பாலத்தைத் தூக்குவேன். மேயராக இருந்தாலும் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்கார வரவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். "மெர்வின், நீ நடக்குற நடைக்குக் கார்ப்பெட்டுக்கு வாயிருந்தா அழுதிரும். ஷெட்டுக்குப் போ" என்று வெர்னா துரத்தியதால், ஒரு பழைய படகு மோட்டாரைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு ஷெட்டில் கிடந்தேன். பிரித்ததை மாட்டத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை மத்தியானம் மழையில் நனைந்தபடி தாடி வைத்த ஒரு பையன் நாயோடு வந்து நின்றான். டெக்லன் என்று பெயர் சொன்னான். "திறந்தாச்சா சார்?" என்றான். என்னடா திறக்கணும் என்றேன். என் மோட்டாரையும், சுவரில் தொங்கும் துடுப்புகளையும், எண்ணெய்க் கறை படிந்த என் சட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செம்ம அலங்காரம் சார், நிஜ ஷெட்டு மாதிரியே இருக்கு" என்றான். நான் அவனை விரட்டுவதற்குள் பின்னால் சைக்கிளில் ஆறேழு பேர், அவர்களுக்குப் பின்னால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு தம்பதி. ஐயா, நம் ஊர் ஜனங்களை உங்களுக்குத் தெரியும். எங்காவது இரண்டு பேர் நின்றால் மூன்றாமவன் எதற்கு என்று கேட்காமல் பின்னால் வந்து நிற்பான். சாயங்காலத்துக்குள் வரிசை தெருமுனையைத் தொட்டுவிட்டது.

நான் கத்தினேன். "இங்க பீர் கிடையாது! ஒரு சொட்டு கிடையாது! அவனவன் வீட்டப் பாத்துப் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கை தட்டினார்கள். ஒரு பெண் இன்னொருத்தியிடம், "பாத்தியா, இதான் இந்தக் கடையோட ஸ்டைலு. எல்லாருக்கும் குடுத்துர மாட்டாங்க" என்கிறாள். நாய்களைக் கட்டிப்போடுங்கள் என்று அதட்டினேன், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் டெக்லன் போனில் காட்டினான், யாரோ எழுதியிருக்கிறார்: 'முதலாளியே நேரில் திட்டுகிறார். குடிக்க எதுவும் தருவதில்லை. ஐந்து நட்சத்திரம்.'

(இந்த இடத்தில் எழுந்துபோய் ஜன்னல் வழியாக ஷெட் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். மன்னிக்கவும்.)

இதில் என் மனைவியின் பங்கையும் மறைக்கக் கூடாது. "வந்தவங்கள வெறும் வாயோட மழையில நிக்கவச்சு அனுப்புறது மனுசத்தனமா?" என்று சொல்லி, தோட்டத்தில் விளைந்த ருபார்ப் என்ற புளிப்புத் தண்டைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றைக் கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். அது வெறும் சாறு. குழந்தைக்குக் கொடுக்கலாம். ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் அதை வாயில் வைத்துக் கொப்பளித்து, கண்ணை மூடி, "புளிப்பு பீரு. ஆரம்பத்துல நெல்லிக்காய், முடிவுல மழை பெஞ்ச மண்ணு. ஓக் பீப்பாய்ல எத்தன வருசம் கெடந்துச்சு?" என்றார். வெர்னா, "காலைல பிளாஸ்டிக் வாளியில கெடந்துச்சு" என்றாள். அவர் வாளி என்பதைத் தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டார். நாலு கிளாஸ் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டே போனார். எதில் தள்ளாடினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சனிக்கிழமை வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். கிட்டே வந்ததும் ஊறவைத்த பார்லி வாசனை அடித்தது. "இங்க யாரு ஒகாடா?" என்று கேட்டாள். ஷெட்டிலிருந்த அத்தனை பேரும் என்னைக் கை காட்டினார்கள். "நான்தாங்க ஒகாடா! ஜோலீன் ஒகாடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் டெக்லனின் நாய் படகு மோட்டாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கூட்டம் இதற்கும் கை தட்டியது.

அவள் அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "லிஸ்ட்ல வந்துட்டோம்னு தெரிஞ்சதும் எல்லாத் தொட்டியையும் நெரப்பி வச்சேன் சார். வியாழக்கிழமையிலேர்ந்து கதவையே பாத்துட்டு நிக்கிறேன், ஈ காக்கா வரல. என் பீரு நல்லா இல்லேன்னு போயிட்டாங்கன்னு நெனச்சேன். இந்த மழைக்காலம் தாண்டலேன்னா கடையச் சாத்திட்டு அப்பாவோட பேரிக்காய்த் தோப்புல கூடை தூக்கத்தான் போகணும். என் ஜனமெல்லாம் உங்க ஷெட்டுல உக்காந்து என்னத்தக் குடிக்கிறாங்க?"

"ருபார்ப்" என்றாள் வெர்னா மெதுவாக.

ஐயா, என் தவறு இல்லைதான். ஆனாலும் ஒரு பெண் தன் பீரையே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே. ஏணிமேல் ஏறி, "எல்லாரும் அக்கரைக்குப் போங்க, நிஜக் கடை அங்க இருக்கு!" என்றேன். "அது பிராஞ்சா?" என்றார்கள். சொன்னால் கேட்கிற கூட்டம் இல்லை என்று புரிந்தது. வேலைக்கால ஆரஞ்சு மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "என் பின்னால வாங்கடா!" என்று தெருவில் இறங்கி நடந்தேன். நடந்தார்கள் ஐயா. சைக்கிள், நாய், குழந்தை, குடை என்று ஊர்வலமே வந்தது. கடைசியில் வெர்னா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜோலீன்.

பாலத்தின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. கேட் இறங்கியது. என் கண் முன்னாலேயே பாலம் வாயைப் பிளந்தது. வாழ்நாளில் முதல்முறையாக நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். மேலே கூண்டில் ஹெக்டர், என்னோடு வேலை பார்த்தவன். "டேய் ஹெக்டர்! எறக்குடா!" என்று குதித்தேன். ஒலிபெருக்கியில் அவன் குரல் ஆறு முழுக்கக் கேட்டது. "மெர்வின் அண்ணே! பாத்து எவ்ளோ நாளாச்சு! மணல் கப்பல் வருது, கொஞ்சம் பொறுங்க. அவசரப்பட்டா ஆறு வத்திருமா? நீங்க டிரைவருங்களப் பாத்துச் சொல்வீங்களே!"

மணல் கப்பலைவிட மெதுவான ஒன்றை ஆண்டவன் படைக்கவில்லை. அதற்குள் என் பின்னால் சலசலப்பு. பாலத்தடியில் இன்னொரு பீர்க்கூடம் இருக்கிறது, வறுத்த இறைச்சி வாசனை வேறு மேலே வருகிறது. ஒருவன் மெல்ல நழுவினான், அவனைப் பார்த்து நாலு பேர் நழுவினார்கள். ஜோலீன் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, திரும்பி நின்று பிடித்தேன் ஒரு பிடி. "எவன்டா அவன் நகர்றது? நாக்குல ருசி இருக்கா, இல்ல செருப்புத் தோலா? போ! போய்க் கழனித்தண்ணியக் குடி! உனக்கெல்லாம் நல்ல பீரு எதுக்கு?" நழுவியவர்கள் ஓடிவந்து திரும்ப வரிசையில் நின்றார்கள். "என்னையும் திட்டுங்க சார்" என்று மூக்குக்கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார். கப்பல் போய் முடிகிறவரை, ஒருவரும் விட்டுப்போகாதபடி ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் திட்டினேன்.

ஒகாடா பீர்க்கூடம் அன்று நிரம்பியது. முதல் கிளாஸை ஜோலீன் எனக்குத்தான் கொடுத்தாள். பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கில் ஏறி, காதுவரை போய், பிறகு ஆரஞ்சுத் தோல் வாசனையாக இறங்கியது. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். "இத வச்சுக்கிட்டா கொழந்த, மூணு நாளா உன்னையே சந்தேகப்பட்ட?" என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் உடனடியாக ஒரு திருத்தத்தை, மூலையில் எறும்பெழுத்தில் அல்லாமல், முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வெளியிட்டு, என் ஷெட்டையும் என் நிம்மதியையும் என்னிடம் திருப்பித் தருமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க. தங்கள் வீட்டுக் கூரை இந்த மழையில் ஒழுகாதிருக்க. வெர்னா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
மெர்வின் ஹால்வர்சன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது இந்த வார இதழ் வாசலில் வந்து விழுந்தது. நான் கேட்குமுன்பே திருத்தம் போட்டுவிட்டீர்கள். நன்றி. காலையிலிருந்து ஷெட் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். தபால்காரரைத் தவிர ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கவில்லை. அவரையும் காரணமில்லாமல் திட்டிவிட்டேன், அவர் கை தட்டவில்லை. அடுத்த இதழில் காலைப் பலகாரக் கடைகளின் பட்டியல் வரும் என்று கடைசிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை முகவரி சரிபார்க்காமல் அவசரமாகவே அச்சுக்கு அனுப்புங்கள், ஒன்றும் பாதகமில்லை. வெர்னா அப்பத்துக்கு மாவு கரைத்துவிட்டாள்.