கிரானைட் பலகையும் எட்டுப் பாதி டென்னிஸ் பந்தும்

என் காதைப் பற்றி ஒரு காலத்தில் எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள். நான் பாட்டுக்குள் தபேலாக்காரர் எந்த விரலால் தட்டுகிறார் என்று கேட்பவன். (இப்போது மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறேன், அது வேறு விஷயம்.)

செல்போன் பரவ ஆரம்பித்த சமயம். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, விம்கோ நகர் பக்கம் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி செல்வி, அவளுடைய தையல் மிஷின். நாலாவதாக ஒரு பழைய ஹை-ஃபை செட்டைக் கொண்டுவந்து இறக்கினேன். சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்.

எல்லாம் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது, ஓர் ஆடியோ பத்திரிகை என் கையில் சிக்கும் வரை. இசைக்கு முதல் எதிரி அதிர்வு என்று அதில் போட்டிருந்தது. அதைத் தடுக்க வெளிநாட்டில் ரப்பர் கால், பித்தளைக் கூம்பு என்று என்னென்னவோ விற்கிறார்களாம். நான் கிரானைட் கடையில் மிச்சம் விழுந்த பலகை ஒன்றைத் தூக்கி வந்தேன். நாலு டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து அடியில் கவிழ்த்தேன். பலகை மேல் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும். ஸ்பீக்கர் தலையில் ஆளுக்கொரு மணல் மூட்டை. சத்தத்தில் எள்ளளவும் மாற்றமில்லை.

அதிர்வு எங்கிருந்துதான் வருகிறது என்று ஆராய்ந்தேன். வாசலில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. அலமாரியில் டம்ளர்கள் தாமாக இடம் மாறிக்கொண்டிருந்தன. ஆனால் பிறந்ததிலிருந்து அந்த ரோட்டிலேயே வளர்ந்தவனுக்கு லாரி ஒரு சத்தமா? குற்றவாளி தையல் மிஷின்தான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"ஒரு வாரம் வராண்டால வச்சுத் தைச்சுக்கோ. சவுண்டு மாறலைன்னா செட்டை வெளிய தூக்கிடறேன். மாறிச்சுன்னா மிஷின் அங்கயே இருக்கட்டும்."

"வராண்டால ஃபேக்டரி கரித்தூசி வந்து வுழும்யா. வெள்ளை பிளவுஸு இன்னாத்துக்கு ஆவும்? தீபாவளி ஆர்டர் வேற கீது."

"ஒரு வாரம்தானே செல்வி!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

இரண்டாம் நாள் அதிசயம் நடந்தது. சிடியைப் போட்டால் வீணை நரம்பு கன்னத்தில் உரசுகிறது! பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. டென்னிஸ் பந்தைக் கும்பிடாத குறை. (ரோடு காலியாக இருந்ததையும் கவனித்தேன். சைக்கிள் ஓட்ட வசதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டதோடு சரி.)

ஞாயிற்றுக்கிழமை நண்பன் காசிமை வரவழைத்தேன். அவன் ராயபுரத்துக்காரன், டிரெய்லர் லாரி டிரைவர். ஐந்து நாளாக அவன் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தது ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"மாமு, இன்னா சவுண்டு! பக்கத்துல குந்திகினு பாடற மாறி கீது!"

"எல்லாம் பந்து, கல்லு. ரகசியமா வச்சுக்கோ," என்றேன். பிறகு செல்வியிடம் திரும்பி, மிஷின் இனி வராண்டாவில்தான் என்று அறிவித்தேன். அவள் துணிகளின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடினாள்.

அப்போது காசிமின் செல்போன் அடித்தது. பேசிவிட்டுத் துள்ளி எழுந்தான்.

"ஸ்ட்ரைக்கு முடிஞ்சிச்சு மாமு! வண்டி எடுக்கணும், வரேன்!"

"இன்னா ஸ்ட்ரைக்கு?" என்றேன். அவன் பதில் சொல்ல நிற்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் தானே வந்தது. முதலில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பிறகு ஐந்து நாள் முடங்கிக் கிடந்த லாரிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தன. சிடி துள்ளித் துள்ளி, பாடகி ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு திக்கினாள். வீட்டைத் தாண்டும்போது காசிம், பாசம் பொங்க, நீளமாக ஹாரன் அடித்தான். ஒரு மணல் மூட்டை சரிந்து விழுந்து வாயைத் திறந்தது. அரைப் பந்து ஒன்று உருண்டு போய்ச் செல்வியின் காலடியில் நின்றது.

"லாரி ஓடலன்னு உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அஞ்சு நாளா கண்ணை மூடிகினு சிரிச்சுகினே இருந்த. கெடுக்க மனசு வரல, வுட்டுட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வராண்டாவில் அவள் துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிகளை அப்போதுதான் பார்த்தேன். தைக்கும் முன்பே மூன்று முறை அலசியும் ஓரத்தில் கறுப்பு போகவில்லை. மிஷினை நானே தனியாக உள்ளே இழுத்து வந்தேன். கிரானைட் பலகையையும் பந்துகளையும் அதன் அடியில் கொடுத்தேன். செல்வி மிதித்துப் பார்த்தாள்.

"இப்ப ஆடல. தையல் நேரா வருதுய்யா," என்றாள். அந்தப் பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது. செட்டு சொன்னபடி வெளியே போனது, காசிம் எடுத்துப்போனான்.

வீட்டில் யார் எதற்குப் பெருமையடித்துக்கொண்டாலும், "லாரி ஓடுதான்னு பாத்துக்கினு சொல்லு" என்பதுதான் அன்றிலிருந்து பதில். எங்கள் மகள் நல்ல மார்க் வாங்கியபோதும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

போன மாதம் என் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் பாராட்டினார். வீட்டுக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாம் நான் காலைல நடக்கறதுதான்," என்றேன்.

"லாரி ஓடுதான்னு பாரு," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

விசாரித்துப் பார்த்தேன். இருபது நாளாக என் காபியில் அவள் சர்க்கரையே போடவில்லை. தபேலாக்காரர் விரலைக் கேட்டவனுக்கு அதுவும் தெரியவில்லை.