மத்தியானத்தில் களைத்துப்போகும் கம்ப்யூட்டர்

என்ன ஆனாலும் சரி, என் மனைவி ரமாமணி என் ஆபீசில் காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் நான் தொலைந்தேன். இந்த வைராக்கியத்தோடுதான் அந்த வியாழக்கிழமை எனக்குப் பொழுது விடிந்தது.

காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எண்பத்து மூன்றாம் வருஷம், மொரீஷியஸில் பாம்பூ என்ற ஊர்ப் பக்கம் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்க மதுரையிலிருந்து வந்தவன் நான். அந்தக் கம்ப்யூட்டருக்கு இருந்தது ஒரே ஒரு எட்டு பிட் மூளை. அதை நம்பி நாலு திரைகள். ஹாலில் மூன்று. ஏ.சி. அறையில் நாலாவது, எனக்கே எனக்கு.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாலாவது திரையில் செஸ் ஆடுவேன். ஒவ்வொரு காயை நகர்த்தவும் கம்ப்யூட்டர் மூளையைக் கசக்கு கசக்கென்று கசக்கும். அந்த நேரத்தில் ஹாலில் வேலை பார்க்கும் கரோலுக்கும் ஒதிலுக்கும் ஓர் எழுத்து விழ ஒரு யுகம் ஆகும்.

"மஷின் ஃபத்திகே!" என்று கரோல் கத்துவாள். மிஷின் களைத்துப்போச்சாம். "எட்டு பிட் இல்லையா, மத்தியான வெயில் தாங்காது" என்று முதலாளி ஜான்-போலிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லிவைத்திருந்தேன். நல்ல மனுஷர். நம்பினார்.

மூன்றாவது திரையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். பிடித்தது சனி. ஒதில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ரமாமணிக்குக் கிரியோல் சொல்லிக்கொடுத்த புண்ணியவதியும் அவள்தான்.

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது ரமாமணி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த மூணாவது சீட்டு காலியாமே?"

"யார் சொன்னா?"

"ஒதில்தான். நாளைக்கு எனக்கு டெஸ்ட் வைக்கிறாராம் உங்க முதலாளி."

எனக்குப் புரையேறியது. "நீ படிச்ச டைப்ரைட்டிங் இல்ல மணி இது."

"வீட்டுச் சுவத்தையே எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருக்கிறது? என்னன்னு சொல்லித்தான் குடுங்களேன்."

அங்கேதான் சறுக்கினேன். மேதாவித்தனம் யாரை விட்டது? "பந்தின்னு வச்சுக்கோ. பரிமாற ஒரே ஆளு. நாலு இலை. ஆளுக்கு ஒரு கரண்டின்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே வருவான். வேகமா வர்றதால ஒவ்வொருத்தரும் தனக்குத்தான் பரிமாறுறான்னு நினைச்சுக்குவாங்க."

"உங்க இலைக்கு?"

"நான் பொறுப்பாளன் இல்லையா? முதல் கவனிப்பு எனக்கு. நான் போதும்னாதான் மத்தவங்களுக்கு. அப்படித்தான் வச்சிருக்கேன்."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் டெஸ்ட். விளையாட்டு டெஸ்ட் இல்லை. ஸ்வெட்டர் பெட்டிகளின் பட்டியலை ரமாமணி அடித்துக் கொடுக்க வேண்டும். கீழே லாரி நிற்கிறது. போர்ட் லூயியில் கப்பல் நிற்கிறது.

நான் ஜான்-போலை ஓரங்கட்டினேன். "மிஸ்யே ஜான்-போல்! கரோல், ஒதில், நான். மூன்று பேருக்கு மேல் இந்த மிஷின் தாங்காது. பழைய பெண் இருந்தபோதே திணறியது. மறுபடி நாலாவது ஆள் உட்கார்ந்தால் படுத்துவிடும். பாருங்கள்."

சொல்லிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முந்தின நாள் பாதியில் விட்ட செஸ்ஸைப் போட்டேன். இருப்பதிலேயே கஷ்டமான ஆட்டம்.

கதவுக் கண்ணாடி வழியே ஹாலைப் பார்த்தேன். ரமாமணி தட்டுகிறாள், திரை நகரவில்லை. ஜான்-போல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கீழே லாரி ஹாரன் அடிக்கிறது. அவள் முகம் சுருங்கியபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஜான்-போல் உதட்டைப் பிதுக்கினார். ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

அப்போது ரமாமணி கையை உயர்த்தினாள். கரோல் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஒதிலும் எடுத்தாள். ஹாலே ஸ்தம்பித்தது. ரமாமணி ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாள். அது அப்போதும் வரவில்லை. அவள் மெதுவாகத் திரும்பி என் கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். நிற்கவில்லை. கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டிருந்தது. யோசித்து முடிக்காமல் அது யார் பேச்சையும் கேட்காது. மறுபடி அமுக்கினேன். குத்தினேன். கும்பிட்டேன். செருப்புச் சத்தம் நெருங்கியது. திரையின் வெளிச்சக் குமிழை ஒரே திருகு. இருட்டு.

கதவு திறந்தது. ரமாமணி. அவளுக்குப் பின்னால் ஜான்-போல்.

"ஏங்க, வெளியில மூணு இலையும் வெறும் இலையா கிடக்கு. பரிமாறுறவரு எங்க போனாரு?"

"எனக்கென்ன தெரியும்? என் திரையே அணைஞ்சுதான் கிடக்கு."

அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் குமிழைத் திருகினாள். செஸ் பலகை பளிச்சென்று வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் யோசித்து முடிக்க வேண்டுமா? ஒரு காய் நகர்ந்தது. என் ராஜா மாட்டினார். ஆட்டம் முடிந்தது.

அதே நொடியில் ஹாலிலிருந்து கரோல் கத்தினாள்: "மஷின் பா ஃபத்திகே!" களைப்பே இல்லையாம்.

ரமாமணி ஓடிப்போய் உட்கார்ந்தாள். பட்டியல் மளமளவென்று வந்தது. லாரி கிளம்பியது.

ஜான்-போல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மிஸ்யே தேவா, மூன்று பேருக்கு மேல் தாங்காது என்றீர்களே?"

"ஆ... ஆமாம்."

அவர் ஹாலைப் பார்த்து விரலை மடக்கினார். "கரோல், ஒதில், மதாம் ரமாமணி. சரியாகத்தான் இருக்கிறது." என் திரையைக் கழற்றி ஸ்டோரில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் நான்தான் பொறுப்பாளன். ஏ.சி. அறை என்னுடையது. மிஷின் என் கையில். திரை ஒன்றுதான் இல்லை. ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் ரமாமணியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

நேற்றும் நின்றேன். "மணி, ஒரே ஒரு நிமிஷம்..."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்க, முதல் பந்தி முடியட்டும்."