மரங்களுக்கு மெடிக்கல் லீவு

மலேசியாவின் கேமரன் மலையில் மரங்களை வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பைப்புக்காரர்தான். உலகத்திலேயே ஒரே ஆள் என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஓடைத் தண்ணீர் பைப்பில் இறங்கும் இடத்தைச் சருகு அடைக்காமல் பார்ப்பது பைப்புக்காரரின் வேலை. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். எங்கள் பெரட்டு முடிந்ததும் அவர் காட்டுக்குள் போய்த் தன் பெரட்டைத் தொடங்குவார்.

அங்கே மழை இல்லாமலே நனைவோம். எதிரில் நிற்பவர் பனியில் கரைந்து போய், மறுபடி வருவார். "மூக்காயி!" என்று ஒரு மரத்தைக் கூப்பிடுவார். மேலிருந்து ஒரு சொட்டு விழும். "ஆங், வந்துட்டா." "சடையா!" இலை அசையும். அருவியை மட்டும் கூப்பிட மாட்டார். "அவதான் ஓயாம பேசிக்கிட்டே இருக்காளே லா!"

பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் ஓட்டல்களிலிருந்து அருவி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களும் வரிசையில் நிற்க வேண்டும். ஆறடி மனிதர் கையைத் தூக்கி, "வந்துட்டேங்க!" என்று கத்துவார். அப்புறம் எல்லோரும் கனவில் நிற்பதுபோல் நிற்பார்கள். அவர்கள் கீழே இறங்கியதும், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வடை சுட்டு விற்கும் பெண்களின் சட்டி காலி. அந்தக் காட்டை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

புதுத் தேயிலை நடுவதற்காக அந்தச் சரிவையே வெட்டப் போகிறோம் என்று ஒருநாள் மரங்களில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். சரிவு மொட்டையானால் அருவி சேறாகிவிடும். அப்புறம் எவன் வருவான்?

பைப்புக்காரர் ஆபீசுக்கு ஓடி வந்தார்.

"கிராணி ஐயா, நம்ம ஆளுங்க அத்தன பேருக்கும் மெடிக்கல் லீவு எழுதுங்க!"

"யாருக்குய்யா?"

"மரங்களுக்குத்தான். மேலெல்லாம் செவப்பா கெடக்கு. லீவுல இருக்கிறவங்க மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

என்ன கிறுக்குத்தனம்! ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. மூக்காயி, தோல் வியாதி. சடையன், தோல் வியாதி. இப்படி நாற்பத்தொரு பேர்.

மானேஜரை நாங்கள் துரை என்போம். அவரும் தமிழர்தான். காகிதத்தைப் படித்துவிட்டு, "உமக்கும் லூசாய்யா?" என்று எகிறினார். என் வேலை போச்சு என்று நினைத்தேன். "நடங்க, நோயாளிகளைப் பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

மேலே பைப்புக்காரரின் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, "உஷ்!" என்று அவரை அடக்கினாள். துரை தொப்பியைக் கழற்றினார். வரிசையில் நின்றவர்களை எண்ணிவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவங்கெல்லாம் தினமும் வர்றாங்களா?"

"தண்ணி தெளிவா இருக்கிற வரைக்கும் வருவாங்க துரை."

"சரி, லீவு குடுத்தாச்சு. இந்தச் சரிவுல யாரும் கத்தி வைக்க மாட்டாங்க."

பைப்புக்காரர் நேரே மூக்காயியிடம் போய், சாயத்தைத் தடவி, "மேலுக்கு இப்பத் தேவலையா தாயி?" என்றார். அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மீதி நாற்பது பேரையும் அவருக்காக நான்தான் போய் விசாரித்தேன்.