பூட்டுக்காரரின் மெத்தை

மெத்தை மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பூட்டுக்காரர் அதற்கு அடியில் நின்றார். எந்தப் பூட்டையும் இரண்டு நிமிடத்தில் திறந்துவிடும் கை. மெத்தையிடம் தோற்றது.

"அப்பா? காலங்காத்தால மெத்தையோட என்ன பண்றீங்க?" மகள் கீழே நின்றாள்.

"வெயில்ல போடலாம்னு."

"வெயிலே இன்னும் வரலையே."

"வர்றப்போ தயாரா இருக்கட்டும்."

மகள் கைகொடுக்க ஏறி வந்தாள்.

"தொடாதே!" என்று கத்தினார். பிறகு வாயில் வந்ததைச் சொன்னார். "மூட்டைப்பூச்சி."

மனைவி இறந்து மூன்று மாதம். தனியாக இருக்கக்கூடாது என்று மகள் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று வாரம். தனியாக இருந்தபோது நனைந்தது யாருக்கும் தெரியாது; இங்கே வந்தும் ஏழு முறை படுக்கையை நனைத்துவிட்டார். தெரிந்தால் மகள் ஒன்றும் சொல்லமாட்டாள். துவைத்துப் போடுவாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. திரும்பிப் போகலாம் என்றால், அந்த வீட்டில் "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆளில்லை.

மூட்டைப்பூச்சி வீட்டைப் புரட்டிப்போட்டது. பத்து மணிக்கு மருந்தடிப்பவர் வந்தார். கட்டில், அலமாரி, சோபா எல்லாம் வாசலுக்கு வந்தன. அவர் டார்ச் அடித்து மூலைமூலையாகத் தேடினார்.

"ஒண்ணுகூட இல்லையே. யார் பாத்தது?"

"நான்தான். போயிடுச்சு போல."

"மூட்டைப்பூச்சி சொல்லாம கொள்ளாம கெளம்புற ரகம் இல்லைங்க ஐயா."

ஆனாலும் அடித்தார். வாடை போகும்வரை அந்த அறையில் படுக்கக்கூடாது என்றார். பூட்டுக்காரரின் படுக்கை கூடத்துக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் நடக்கிற வழி.

மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். மூன்றாம் நாள், கடையில் சாவிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. சாவி கேட்டு வந்தவர்தான் பிடித்து உட்கார வைத்தார். படுக்கை மட்டும் வழக்கம்போல நனைந்தது, முன்பைவிட நாற்றத்தோடு. மற்றவர்கள் எழுவதற்குள் சுருட்டி மறைத்தார்.

அடுத்து அலாரம் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தார். காலையில் மருமகன் சிவந்த கண்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ராத்திரி அலாரம் எதுக்கு?"

"அடிச்சுதா?"

"தெருவே எழுந்துடுச்சு. நீங்க மட்டும்தான் எழுந்திருக்கலை. நான்தான் வந்து அணைச்சேன்."

எந்தப் பக்கமாக வந்தான்? எதையாவது மிதித்தானா? கேட்க முடியவில்லை. பூட்டுக்காரர் துணிகளை மடித்துப் பையில் வைத்தார்.

மகள் பையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"அப்பாவை என்ன சொன்னீங்க?"

"அலாரம் எதுக்குன்னுதான் கேட்டேன்!"

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா கேட்டீங்க?"

"தூங்காதவன் மூஞ்சி வேற எப்படி இருக்கும்?"

"அம்மாவும் இல்ல. அவருக்குன்னு இருக்கிறது நான் ஒருத்தி. அவரையும் விரட்டிடுங்க." மகள் அழத் தொடங்கினாள். மருமகன் டீயை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான்.

பூட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். நாற்பது வருடமாக ஊரார் பூட்டையெல்லாம் திறந்தவர். தன் வாயைத் திறக்க வெகுநேரம் ஆனது.

"சண்டை போடாதீங்க. மூட்டைப்பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்... படுக்கையில..."

மகளின் அழுகை நின்றது. மருமகன் தன் செருப்பை விட்டுவிட்டு மாமனாரின் செருப்பை எடுத்து அவர் காலருகே போட்டான்.

"வாங்க மாமா. டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரியவர்களுக்கும் வருவதுதான், வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை என்றார். சர்க்கரை இல்லை. சிறுநீரில் கிருமி இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

"தண்ணியை நிறுத்தினா இன்னும் மோசமாகும். பகல்ல நல்லா குடிங்க. படுக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மட்டும் குறைச்சுக்குங்க. சின்ன வயசுல இருந்துச்சா?"

பூட்டுக்காரர் மருமகனைப் பார்த்தார். மருமகன் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தை அக்கறையாகப் பார்த்தான்.

"கல்யாணம் வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் தானா நின்னுடுச்சு."

"தானாவா?"

"தானாத்தான். முதல் வாரத்துல ஒரு நாள் படுக்கை நனைஞ்சுது. அது நானில்ல. தூக்கத்துல தண்ணிச் சொம்பைத் தட்டிவிட்டுட்டேன்னு அவளே சொன்னா."

டாக்டரின் பேனா நின்றது. "உங்களுக்கு இப்படி இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"ஐயோ, அதெப்படி சொல்றது? கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

"தூக்கமெல்லாம் எப்படி?"

"இப்பதான் அசந்து தூங்குறேன். அவ எங்க தூங்கவிட்டா? திருட்டுப் பயம். பூட்டுக்காரன் பொண்டாட்டிக்குத் திருட்டுப் பயம்! வெளிய சொன்னா யார் என்கிட்ட பூட்டு வாங்குவாங்க? தினம் ரெண்டு மணிக்கு உலுக்குவா. 'ஏங்க, பின்பக்கம் ஏதோ சத்தம், போய்ப் பாத்துட்டு வாங்க'ன்னு. கழிவறையும் அந்தப் பக்கம்தான். எழுந்தது எழுந்தாச்சேன்னு போயிட்டு வந்து படுப்பேன். அவளைத் திட்டிக்கிட்டேதான் போவேன். முப்பத்தாறு வருஷம். ஒரு திருடன் வந்ததில்லை டாக்டர்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், அவர் கையில் சுற்றியிருந்த பட்டையை மெதுவாகக் கழற்றினார்.

"ஐயா," என்றார், "எந்தத் திருடன் தினமும் ரெண்டு மணிக்கே வருவான்?"