சுண்ணாம்புக்கோட்டு வீடு

“நீ இப்ப கக்கூஸ்ல நிக்கற,” என்றான் கோட்டுக்காரன்.

மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் குதித்தாள்.

“அங்கயும் நிக்காத. அது செவுரு.”

வெறும் மண்தரை. முப்பதுக்கு நாற்பது மனை. அதன்மேல் சுண்ணாம்புத் தூளில் ஒரு வீடு முழு அளவில் மல்லாந்து கிடந்தது.

இருபத்திரண்டு வருடமாகத் தார்ச்சாலையில் வெள்ளைக்கோடு போடுகிறவன் அவன். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் கோட்டுக்காரன். சொந்தப் பெயரைச் சொன்னால் மேஸ்திரிக்கே ஆள் தெரியாது. வீட்டுக்கு அவனே பிளான் வரைந்து, காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். மனைவி, மகள், மாமியார் மூன்று பேரும் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு” என்றார்கள். அந்த ‘நல்லாருக்கு’ அவனுக்குப் பத்தவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குக் கொத்தனார் அஸ்திவாரம் தோண்ட வருகிறார். தோண்டின பிறகு குறை சொல்ல ஆரம்பித்தால் ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் தெரிந்த தொழிலைக் கையில் எடுத்தான். ஆணி அடித்து, நூல் பிடித்து, வீட்டையே தரையில் போட்டுவிட்டான்.

“நடந்து பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கு எது வேணா சொல்லலாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

பதினாறு வருடம் வாடகை வீட்டில் கழிந்துவிட்டது. அங்கே நட்டநடுப் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஒருவர் சட்டை மாட்டினால் இன்னொருவர் கண்ணில் முழங்கை இடிக்கும். மனைவி அதை வீடு என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை, பொந்து என்பாள். கொதிக்கிற தாரின்மேல் குனிந்து குனிந்து அவன் முதுகு வளைந்ததெல்லாம் ஒரே ஒரு ஆசைக்காக: காலை நீட்டிப் படுக்க ஒரு கூடம். இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் ஜன்னல், நடுவில் காற்று. பிளானில் கூடம்தான் பெரியது. பதினாலுக்குப் பதினெட்டு.

“அடுப்படியை ஏங்க கொல்லையில கொண்டுபோய் வெச்சீங்க?” என்றாள் மனைவி. “வாசல்ல யாரு வந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வந்தவன் கூப்பிடுவான்.”

“கூப்பிடாம வர்றவன்?”

கோட்டுக்காரன் விளக்குமாற்றை எடுத்துப் பழைய கோட்டைக் கலைத்தான். அடுப்படியை வாசல் பக்கம் இழுத்தான். கூடத்தில் ஆறடி போயிற்று.

மாமியார் அதற்குள் எதையோ எண்ணிக்கொண்டே நடந்து வந்தாள். “மாப்பிள்ளை, என் படுக்கையிலேருந்து பாத்ரூமுக்கு இருபத்தோரு தப்படி வருது.”

“நடந்தா உடம்புக்கு நல்லது அத்தை.”

“நடக்கறது நல்லதுதான். அடக்கறது?”

பாத்ரூம் நகர்ந்தது. நகர்ந்த பாத்ரூம், கூடத்தின் இடதுபக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

மகளைப் பார்த்தான். தனி ரூம் வேண்டும் என்று பத்து வருடமாக உயிரை எடுத்தவள், அந்த ரூமின் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னடி, பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்குப்பா. ஆனா ரொம்பத் தனியா இருக்கு.”

“தனி ரூம்னா தனியாத்தான் இருக்கும்.”

“அம்மா குறட்டை கேக்கணும்ப்பா. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.”

“நான் எங்கடி குறட்டை விடறேன்?” என்று மனைவி அடுப்படியிலிருந்து நேராகப் பாய்ந்து வந்தாள்.

“செவுத்தை மிதிக்காத!”

“எந்தச் செவுரு? பழசா, புதுசா?”

கேள்வி நியாயமானது. பாதி கலைந்த கோடும், புதுக்கோடும், மிதிபட்ட கோடுமாகத் தரை முழுக்க வெள்ளை. மகளின் ரூமை இழுத்துத் தன் ரூமோடு ஒட்டவைத்தான். நடுவில் பலகைத் தடுப்பே போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன், அதற்கு முன்னால் கோட்டைப் போட்டுப் பார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அப்போது தெருவிலிருந்து ஒரு பைக் திரும்பியது. வந்தவன் இரண்டு கோட்டுக்கு நடுவே அளவாக நுழைந்து, ஸ்டாண்டு போட்டு, சாவியை உருவினான்.

“அண்ணே, இங்க விடலாம்ல?”

“யோவ், இது வீடுய்யா!”

அவன் சுற்றிலும் பார்த்தான். “எங்கண்ணே?”

“நீ நிக்கறது என் பொண்ணு ரூம்ல!”

அவன் மகளைப் பார்த்தான். பிறகு கோட்டுக்காரன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தான். வண்டி வந்த வேகத்தைவிட வேகமாகப் போய்விட்டது.

“அந்தப் பையன் வந்ததும் நல்லதுக்குத்தான்,” என்றாள் மாமியார். “உங்க வண்டியை எங்க விடுவீங்க மாப்பிள்ளை? மழையில நனையுமே?”

வண்டிக்கு நாலடிச் சந்து, அதற்குமேல் தகரக் கூரை. கூடத்தின் வலதுபக்க ஜன்னலும் போயிற்று.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புருவம் வரைக்கும் சுண்ணாம்பு. மூட்டையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை போடும் அளவுத் தூள்தான். இனிமேல் யாராவது வாயைத் திறந்தால் போடுவதற்குக் கோடு கிடையாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெருக்கித் தள்ளிவிட்டு, முடிவான வீட்டை மட்டும் சுத்தமாகப் போட்டான். கடைசிப் பிடி வாசலுக்குச் சரியாக இருந்தது.

“நடங்க.”

நடந்தார்கள். இந்தத் தடவை யாரும் சுவரை மிதிக்கவில்லை, யாரும் யார்மேலும் மோதவில்லை. மனைவி அடுப்படியில் நின்றபடியே கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதே தப்படியில் பாத்ரூமுக்குப் போய்ச் சேர்ந்தாள். மகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள்.

“இப்பத்தாங்க வீடு மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி. “இதுல ஒரு கோடு மாத்தினாலும் நான் குடிவர மாட்டேன், சொல்லிட்டேன்.”

கோட்டுக்காரன் கூடத்தில் படுத்துப் பார்த்தான். காலை நீட்டினால் அடுப்படி. மடக்கிக்கொண்டான். மேலே ஆகாயம் திறந்துதான் கிடந்தது. மூன்று பேருக்கும் பிடித்துப்போன வீட்டில் தனக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. எழுந்து சட்டையைத் தட்டினான்; முழங்கை மனைவியின் தோளில் இடித்தது.

“ஆள் இருக்கறது தெரியலையா?” என்றாள், அவளும் நகராமல்.

அந்த நேரம் பார்த்து வாடகை வீட்டுக்கார அம்மா வந்தாள். புதிதாக ஒரு குடித்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறதாம், இவர்கள் எப்போது காலி செய்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம்.

“வாங்கம்மா,” என்றாள் மனைவி, குரலில் ஒரு மிதப்போடு. “எங்க சொந்த வீட்டைப் பாருங்க.”

அந்த அம்மா சுண்ணாம்பு வாசலில் நுழைந்தாள். யாரும் வழி காட்டாமலே அடுப்படியை எட்டிப் பார்த்து, பாத்ரூமைச் சுற்றி, தடுப்பைத் தாண்டி, ஒரு கோட்டையும் மிதிக்காமல் கூடத்துக்குத் திரும்பி வந்து இடுப்பில் கையை வைத்தாள்.

“காலி பண்றோம், காலி பண்றோம்னு சொல்லிட்டு, என் வீட்டைத்தானேய்யா இங்க கொண்டாந்து போட்டிருக்கீங்க?”